காற்று வராத மைதானம்

ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு எந்த விளையாட்டிலும் முதல் எதிராளி காற்றுதான். மத்தியானம் திரும்பியதும் கடல்காற்று எழும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டுத் தெருவில் இறங்கும் நேரத்துக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஷட்டில் அடித்தால் பந்து பக்கத்துத் தெரு மாடியில் போய் விழும். அதனால் எங்கள் பக்கத்தில் ஷட்டில் ஆடியவர்கள் குறைவு. ஆடினாலும் விடியற்காலையில், காற்று விழித்துக்கொள்ளும் முன் ஆடி முடித்துவிட வேண்டும். வாலிபாலில் சர்வீஸ் போடுகிறவன் ஒரு பிடி மணலை எடுத்துத் தூவிப் பார்ப்பான். மணல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் குறி வைப்பான். பந்து கோட்டுக்கு வெளியே போவதுபோலப் போய், கடைசி நேரத்தில் வளைந்து உள்ளே விழும். எங்களுக்கு அதுதான் சரியான சர்வீஸ்.

கேரம் போர்டுக்குக் காற்று மட்டுமல்ல, ஈரமும் பகை. தெருமுனை மன்றத்தில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே போர்டு இருக்கும். அதன் தலைக்கு மேல் தகரக் குடை போட்ட ஒரு குண்டு பல்பு தொங்கும். போர்டைச் சுற்றி நான்கு பேர் ஆட, அவர்களைச் சுற்றி இருபது பேர் நின்று யோசனை சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பலகை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போரிக் பவுடர் கட்டி தட்டிவிடும். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் களைத்து நின்றுவிடும். அப்போது பல்பைத் தாழ இறக்கிப் போர்டைச் சூடு காட்டுவார்கள். அப்படிப்பட்ட பலகையில் பழகிய விரலுக்கு ஒரு முரட்டு வலு வந்துவிடும். நல்ல பலகை கிடைத்தால் அந்த வலுவே இடைஞ்சல். சுண்டிய வேகத்தில் காயின் பாக்கெட்டின் வாயில் மோதித் திரும்பி வரும்.

இதோடு கரியும் சேர்ந்துகொள்ளும். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறங்கி ஏறிய காலம் அது. மாடியில் உலர்த்திய வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு அது சம்பளத்தின் நிறம். அதனால் அவர் குறை சொன்னதில்லை. அம்மா சொல்லாத நாள் இல்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2011 அக்டோபரில்தான் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர் பக்கம் போயின. எங்கள் மாடி வெளுத்தது. எண்ணூரில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருந்தது. இப்போது கரியும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் காற்றுக்கும் கரிக்கும் நடுவில் எங்கள் ஜனங்களுக்கு விளையாட்டு மேல் இருந்த வெறி சாதாரணமானதல்ல. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை, மோட்டார்சைக்கிள் ஆலை, டயர் ஆலை. எண்ணூரில் லாரித் தொழிற்சாலை. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு உடம்பில் மிச்சம் இருந்த தெம்பையெல்லாம் கொட்ட ஒரு இடம் வேண்டியிருந்தது. பையன்களுக்கோ விளையாட்டு என்பது வேலைக்குப் போகும் வழி. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒருவன் நுழைந்துவிட்டால் அந்தத் தெருவே அவனைக் காட்டித் தன் பிள்ளைகளைத் திட்டும். மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட் ஒன்று வீட்டில் இருந்தால், அது சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும்.

குத்துச்சண்டை அதைவிடப் பழசு. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று மூன்று தலைமுறைக்கு முன்பே ஊர் பிரிந்து நின்று ஆடியது. 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு மற்றவர்களும் தெரிந்துகொண்டார்கள். எங்களுக்கு அது வீட்டுப் பேச்சு. என் தாய்மாமா ஆடியவர் இல்லை, ஆட்டம் பார்த்தவர். கித்தேரி முத்து, டைகர் நாட் டெரி என்ற பெயர்களையெல்லாம் அவர் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். உண்மையில் அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. பெரியமேட்டில் கண்ணப்பர் திடலில் திறந்த வெளியில் ரிங் கட்டி, சுற்றிலும் தட்டி அடைத்து, டிக்கெட் போட்டு நடந்த சண்டைகளுக்குக் காசிமேட்டிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக நடந்தே போவார்களாம். மழை வந்தால் சண்டை நிற்கும். கொடுத்த காசுக்கு ஆட்டம் முடியாமல் வீடு திரும்புகிறவன் வழியில் யாருடனாவது மிச்ச ஆட்டத்தை முடித்துக்கொள்வான் என்பார் மாமா.

அவர் வாழ்க்கையின் உச்சம் 1980. அந்த வருடத் தொடக்கத்தில் முகம்மது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். நம்மூர் குத்துச்சண்டைக்காரர் ராக்கி பிராஸும் அலியுடன் ரிங்கில் இறங்கினார். அலியும் எம்.ஜி.ஆரும் ஒன்றாக நிற்கும் படம் எங்கள் பக்கத்துச் சலூன்களில் ரொம்ப நாள் தொங்கியது. மாமா அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தார். அலியின் முகம் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்ததாம். "மூஞ்சி தெரியல, ஆனா காலு தெரிஞ்சுது. தரையில படவே இல்லடா" என்பார். அந்த ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது. அவ்வளவு பெரிய வட்டத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரத்தைக் கட்டி எல்லோரும் தூரத்திலிருந்து பார்த்தார்கள். குத்துச்சண்டை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய ஆட்டம். வியர்வை தெறிப்பது தெரிய வேண்டும். கூரை போட்ட ஒரு அரங்கம் மெட்ராஸில் இல்லையே என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைத்தார்களோ, மாமா நினைத்தார்.

அந்த ஸ்டேடியம் இருக்கும் இடத்தின் பூர்வீகமே ஜனங்களின் பொழுதுபோக்குதான். சென்ட்ரலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க். அதிலே 'உயிர் காலேஜ்' என்று எங்கள் பாட்டி சொன்ன மிருகக்காட்சி சாலை. முன்னால் மூர் மார்க்கெட். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது, மிருகங்களும் ஊரை விட்டுப் போயின. மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று இருந்ததற்குத்தான் பிறகு நேரு பெயர் வைத்தார்கள். 1956 முதல் 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் கிரிக்கெட் அங்கேதான் நடந்தது. நியூசிலாந்துக்கு எதிராக 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்தப் புல்லில்தான். அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருடம் நின்றது. பின்னர் 1993-ல் நேரு கோப்பை கால்பந்துக்காக ஸ்டேடியத்தை இடித்துக் கட்டினார்கள். 1995 டிசம்பரில் ஏழு நாடுகள் கலந்துகொண்ட தெற்காசிய விளையாட்டுப் போட்டி வந்தது. அதற்காக அதன் பக்கத்திலேயே எழும்பியது நேரு உள்விளையாட்டரங்கம். எட்டாயிரம் பேர் உட்காரலாம். ஏ.சி. உண்டு. ஊரின் பெயர் அப்போது மெட்ராஸ்தான். சென்னை ஆனது அடுத்த வருடம்.

வட சென்னைக்காரனுக்குக் கிட்ட இருந்த பெரிய கூரை அது. தெற்கே பெசன்ட் நகரிலிருந்து வருகிறவனுக்கு அது ஊரின் மறு கோடி. எங்களுக்கு வழியில் இருக்கிற இடம். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் கும்மிடிப்பூண்டி லைனில் வரும் மின்சார ரயிலில் ஏறி, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் தாண்டி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்குவார்கள். ராயபுரத்திலிருந்து நாங்கள் பஸ்ஸில் தங்கசாலை வந்து, வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்துவிடுவோம். பஸ் காசை மிச்சம் பிடித்தால் இடைவேளையில் ஒரு டீ. ரிப்பன் கட்டடத்தின் வெள்ளைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனால் பெரியமேடு தொடங்கும். அங்கே தோல் மண்டிகளின் வாடை. அதை மூக்கால் கடந்தால் ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுப் பொருள் கடைகள். கூரையிலிருந்து மாலைபோலத் தொங்கும் வாலிபால்களையும், கண்ணாடிக்குள் இருக்கும் குத்துச்சண்டை கையுறைகளையும் விலை கேட்காமல் பார்த்துக்கொண்டே உள்ளே போவோம்.

முதல்முறை உள்ளே போனது ஒரு மாநில வாலிபால் ஆட்டத்துக்கு. மேல் கேலரியில் இடம். எனக்கு முதலில் உறைத்தது ஏ.சி. குளிரல்ல. காற்றே இல்லாததுதான். சர்வீஸ் போட்ட பந்து போட்ட இடத்தைப் பார்த்துப் போனது. வளையவில்லை, தள்ளாடவில்லை. மரத்தரையில் ஷூ கீச்சிடும் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. கட்டை விரலால் பந்தைத் தொட்டால்கூட அந்தத் தொடுதலின் சத்தம் வந்தது. கடற்கரையில் எங்கள் ஆட்டத்தின் சத்தத்தையெல்லாம் அலையும் காற்றும் தின்றுவிடும். இங்கே ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. கூட வந்திருந்த மாமா ஆட்டத்தை ரசிக்கவில்லை. "காத்து இல்லாத எடத்துல எவன் வேணாலும் கோட்டுல போடுவான். நம்ம பசங்கள கொண்டாந்து இங்க உடு, அப்ப தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. பையன்களைக் கொண்டுவந்து விட்டபோது அவர்கள் முதலில் தடுமாறினார்கள். காற்றுக்காக ஒரு முழம் தள்ளிக் குறிவைத்துப் பழகிய கை, காற்று இல்லாத இடத்திலும் அதே ஒரு முழம் தள்ளியே குறிவைத்தது. பந்து வெளியே போனது. மரத்தரையில் ஓடத் தெரியவில்லை. மணலில் ஓடிய கால் பாதத்தை அழுத்தி ஊன்றும். மரத்தரையில் அப்படி ஊன்றினால் முட்டி வாங்கிவிடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் மாவட்ட அணித் தேர்வில் இப்படித்தான் முதல் நாளே கழன்றுகொண்டான். அவனைவிடச் சுமாராக ஆடியவர்கள், ஆனால் பள்ளிக்கூடத்திலேயே உள்ளரங்கம் உள்ளவர்கள், உள்ளே போனார்கள். திறமைக்கும் வாய்ப்புக்கும் நடுவில் ஒரு கூரை நிற்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

தெரு ஆட்டங்கள் பெரிய மனுஷ வேஷம் போட்டுக்கொண்டு டிவிக்கு வந்த காலம் பிறகு வந்தது. 2017-ல் புரோ கபடி லீகில் தமிழ் தலைவாஸ் என்று நமக்கு ஒரு அணி. அதன் சொந்த ஊர் ஆட்டங்கள் இந்த அரங்கத்தில். அஜய் தாகூர் கேப்டன். மீனவர் குப்பங்களில் பொழுது சாய்ந்ததும் மணலில் கோடு கிழித்து ஆடிய சடுகுடு, ரப்பர் விரிப்பும் ஷூவும் வண்ண விளக்கும் பாட்டுமாக எதிரே நின்றது. காசிமேட்டிலிருந்து வந்த பெருசுகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வாய் மூடிக்கொண்டு பார்த்தார்கள். ரெய்டுக்குப் போனவனின் கணுக்காலை ஒருவன் பாய்ந்து கட்டும்போது, அது எந்தத் தரையில் நடந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான். சொந்த ஊரில் தலைவாஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. கூட்டம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அடுத்த வருடம், 2018 அக்டோபரில், லீகின் தொடக்க ஆட்டமே இங்கே நடந்தது.

2019 பிப்ரவரியில் புரோ வாலிபால் லீகின் இறுதி ஆட்டம். சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை நேர் செட்டுகளில் அடித்துக் கோப்பையை வாங்கியது. அன்று கேலரியில் எனக்கு முன்வரிசையில் எண்ணூர்ப் பையன்கள் சிலர். ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "சர்வீஸ் பாரு மச்சான், நேரா போவுது" என்றான். அவனும் மணல் தூவிப் பார்த்து ஆடியவன் என்று அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், எங்கள் ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அரங்கம் விளையாட்டால் அல்ல, பாட்டாலும் சினிமாவாலும்தான் அறிமுகம். 2005 அக்டோபரில் இளையராஜா அங்கே மேடையேறினார். 'அன்றும் இன்றும் என்றும்' என்று பெயர். பல வருடங்களுக்குப் பிறகு சென்னையில் அவர் மக்கள் முன் நடத்திய கச்சேரி. 2011 டிசம்பரில் இன்னொன்று. கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழுக்கள் பாடியே அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வடிவுடையம்மன் கோயில் பக்கத்தில், தெருவை அடைத்துப் போட்ட மேடையில், கீபோர்டு ஒன்று, ட்ரம்ஸ் ஒன்று, தபேலா ஒன்று. வயலின் வர வேண்டிய இடத்தையெல்லாம் கீபோர்டுக்காரர் ஒற்றைக் கையால் நிரப்புவார். அதே பாட்டை வரிசை வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்தபோது, இத்தனை நாள் நாங்கள் கேட்டது அந்தப் பாட்டின் எலும்பு மட்டும்தான் என்று தெரிந்தது.

என் சித்தப்பா மகன் மேடை விளக்குக்காரன். இந்த ஊரின் விழாக்களையெல்லாம் அவன் கூரைக்கு அடியில் நின்றே பார்த்தவன். விளையாட்டுக்குக் கட்டிய கட்டடம் எப்படிக் கச்சேரி மண்டபமாகிறது என்பதை அவனிடம் கேட்க வேண்டும். முந்தைய ராத்திரி ஆட்டம் முடிந்ததும் லாரிகள் உள்ளே வரும். மரத்தரையில் கீறல் விழாமல் இருக்க முதலில் விரிப்பு, அதன்மேல் பலகை. ஒரு கோடியில் மேடை. தரையில் நாற்காலிகள். இரும்புச் சட்டங்களைத் தரையிலேயே பூட்டி, விளக்குகளை மாட்டி, பிறகு மோட்டாரால் மேலே இழுப்பார்கள். விடிவதற்குள் முடிய வேண்டும். வேலை செய்கிறவர்களில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைக்காரர்கள் நிறைய. மத்தியானம் சவுண்ட் செக். காலி அரங்கில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் சுவரில் மோதி, கூரையில் மோதிச் சுற்றிச் சுற்றி வரும். பாடகர்கள் முகம் சுளிப்பார்கள். "சாயங்காலம் சரியாயிடும் சார்" என்று சவுண்ட்காரர் சொல்வார். சொன்னபடியே சரியாகிவிடும். எட்டாயிரம் உடம்பு வந்து உட்கார்ந்ததும் அந்த எதிரொலியையெல்லாம் அவை குடித்துவிடும். கூட்டமும் அந்தக் கட்டடத்தின் ஒரு பாகம்தான் என்று அவன் சொல்வான். நானும் பல நாள் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கூட்டம் குறைந்த நாளில் பாட்டு ஒருமாதிரி ஓட்டையாகத்தான் கேட்கும்.

சினிமா விழாக்களின் கதை தனி. 2010 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் எடுத்த பாராட்டு விழாவில், விழாக்களுக்கு வரச்சொல்லி நடிகர்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அஜித் மேடையிலேயே சொல்ல, ரஜினி எழுந்து நின்று கைதட்டியது இந்த அரங்கத்தில்தான். 2017 ஆகஸ்டில் 'மெர்சல்' பாட்டு வெளியீடு. 2022-ல் 'விக்ரம்', 'பொன்னியின் செல்வன்', வருடக் கடைசியில் 'வாரிசு'. 2023 ஜூலையில் 'ஜெயிலர்' விழாவில் ரஜினி சொன்ன காக்கா கழுகு கதை இன்னும் டீக்கடையில் ஓடுகிறது. அந்த வருடம் செப்டம்பரில் 'லியோ' விழாவுக்குப் பாஸ் கேட்டவர்களின் நெருக்கடி தாங்காமல், பாதுகாப்புக் காரணம் சொல்லி விழாவையே ரத்து செய்தார்கள்.

இந்தப் 'பாஸ்'தான் எங்கள் ஜனங்களுக்கும் அந்த அரங்கத்துக்கும் நடுவில் வந்த சுவர். விளையாட்டுக்கு டிக்கெட் இருந்தது. காசு இருந்தால் போகலாம். விழாவுக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். ராயபுரத்து ரசிகர் மன்றத்துப் பையன்கள் காலையிலேயே பைக்கில் போய்ப் பெரியமேட்டு வெயிலில் நிற்பார்கள். உள்ளே போக முடிந்தவன் இரண்டு பேர், வெளியே நின்றவன் இருபது பேர். அந்த இருபது பேரும் ராத்திரி வந்து, உள்ளே நடந்ததை நேரில் பார்த்தவர்கள்போலவே சொல்வார்கள். தலைவரின் கார் உள்ளே போனதைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கோபம் வந்ததில்லை. எனக்குத்தான் வந்தது.

அரசாங்கத்தின் பெரிய நாட்களும் அந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தன. 2013 செப்டம்பரில் இந்திய சினிமா நூற்றாண்டு விழா. அதே வருடம் நவம்பரில் ஆனந்த், கார்ல்சன் மோதிய உலக சதுரங்கப் போட்டியின் தொடக்க விழா. 2022 ஜூலை 28 அன்று சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கம். பிரதமர் வந்தார். ஆகஸ்டில் நிறைவு விழாவும் இங்கேதான். அந்த நாட்களில் சென்ட்ரலைச் சுற்றி ரோடு அடைத்துவிடுவார்கள். மூலைக்கொத்தளத்திலிருந்து எழும்பூருக்குப் போகிறவன் ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். ஆனாலும் அன்று டிவியில் உலகமே அந்த உள்கூரையைப் பார்த்தபோது, அந்த விளக்கில் ஒன்றைச் சித்தப்பா மகன் மாட்டியிருப்பான் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

இந்த வருடங்களுக்குள் எங்கள் பக்கம் நிறைய மாறிவிட்டது. பின்னி மில் 1996-ல் மூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. இப்போது திருவொற்றியூர்ப் பையன் ஏ.சி. பெட்டியில் உட்கார்ந்து சென்ட்ரலில் இறங்கிவிடலாம். நாங்கள் வால்டாக்ஸ் ரோட்டில் தேய்த்த செருப்பை அவன் தேய்க்க வேண்டியதில்லை. மாறாதது காற்று. 2023 டிசம்பரில் எண்ணூரில் ஒரே மாதத்தில் இரண்டு அடி: வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குள் எண்ணெய் வந்தது, மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பத் தாய்மார்கள் யோசிக்கும் இடமாக அது ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் காற்று ஆட்டத்தைத்தான் கெடுத்தது. இப்போது மூச்சையே கெடுக்கிறது.

ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. கேரமில் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியது இந்தச் சென்னையிலிருந்துதான். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஈரத்தில் இழுத்துக்கொள்ளும் பலகைகள் நிறைந்த பேட்டையிலிருந்து போய், பளிங்குபோல வழுக்கும் பலகையில் ஜெயித்திருக்கிறார்கள். அதற்கு எத்தனை மாதம் விரலைத் திருத்திப் பழக்க வேண்டும் என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

மாமா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் அவர் உள்ளரங்க ஆட்டத்தை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. காற்றை ஜெயிக்கிறவன்தான் ஆட்டக்காரன் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றோடு ஆடிப் பழகுவது பெருமையாகப் பேச நன்றாக இருக்கும். ஆனால் தேர்வுகளும் பதக்கங்களும் வேலைகளும் காற்று வராத இடத்தில்தான் முடிவாகின்றன. அந்த இடத்தை முதல்முறை பார்ப்பதே தேர்வு நாளில்தான் என்றால் எங்கள் பிள்ளைகள் பாதி தோற்றுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். மாநகராட்சியின் சின்னச் சின்னக் கூடங்கள் அங்கங்கே வந்திருக்கின்றன. நல்லது. ஆனால் கேலரியும் விளக்கும் கூட்டமும் சேர்ந்த ஒரு பெரிய அரங்கத்தின் நடுவில் நின்று ஆடிப் பழகுவது வேறு.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. எட்டாயிரம் பேருக்கான இன்னொரு அரங்கத்தைத் திருவொற்றியூரில் கட்டுங்கள் என்று கேட்டால் அதற்கு நிலம், டெண்டர், அடிக்கல் என்று ஒரு தலைமுறை போய்விடும். பெரியமேட்டு அரங்கம் ஏற்கெனவே இருக்கிறது. அது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. விழாவும் போட்டியும் இல்லாத நாட்களில், மாதத்துக்குச் சில காலைப் பொழுதுகளையாவது வட சென்னை அரசுப் பள்ளிகளுக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் தெரு மன்றங்களின் அணிகளுக்கும் வாடகை இல்லாமல் ஒதுக்க வேண்டும். ஏ.சி.கூடப் போட வேண்டாம். கூரையும் தரையும் விளக்கும் போதும். முதல் தேதியை வாலிபாலுக்கும் கேரமுக்கும் கொடுங்கள்.